வேப்பிலை ஒயர்

பினாங்குக்கு வடக்கே இருக்கும் குருண் பட்டணத்தில் பிரேமாவதி என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. கரண்டு பிரேமா என்று கேட்டுப் பாருங்கள். ரொட்டி வீசிக்கொண்டிருப்பவர்கூட கையை நிறுத்திவிட்டு வழி சொல்வார். வழியோடு ஒரு கதையும் சேர்த்துச் சொல்வார். எங்க மச்சான் வீட்டுல சுடுதண்ணி ஹீட்டர் பாக்க வந்துச்சு, பாத்துட்டு மெயினையே அணைச்சிட்டு உக்காந்துருச்சு, புது ஒயர் இழுக்குற வரைக்கும் வீட்டுல ஒரு விளக்கு எரிய விடல என்பார். அவளைப் பற்றி ஊரில் உலவுகிற கதைகள் எல்லாம் இந்தத் தினுசுதான். அவள் எதையோ அணைத்திருப்பாள், யாரோ கோபித்துக்கொண்டிருப்பார்கள், கடைசியில் அவள் சொன்னதுதான் நடந்திருக்கும்.

குருணுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அவள் பிறந்தபோது அங்கே ரப்பர் மரம். அவள் வயதுக்கு வந்தபோது எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. படித்து முடித்ததும் தொழிற்சாலை ஒன்றில் வரிசையில் நின்று பொருள் பொறுக்கும் வேலைக்குப் போனாள். ஒருநாள் மெஷின் நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர், ஏணியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார். "ஆம்பள யாராச்சும் வாங்க" என்று கூப்பிட்டார் மேற்பார்வையாளர். ஏணி பிடிப்பதற்கு மீசை எதற்கு என்று பிரேமாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. அன்று ஏணியை அவள்தான் பிடித்தாள். மேலே ஒரு பெட்டியைத் திறந்து அந்த மனிதர் செய்ததையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த வாரமே மாலை வகுப்பில் பெயர் கொடுத்தாள்.

கணவர் மணியம் லாரி ஓட்டுநர். சேதி கேட்டதும், "ஒயரப் புடிச்சா நீ தனியாப் போவமாட்ட லா, காப்பாத்த வர்ற என்னையும் சேத்து இழுத்துக்கிட்டுத்தான் போவ" என்றார். சொன்ன வாய்தான், ஒவ்வொரு வகுப்புக்கும் அவளைக் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை காடிக்குள்ளேயே ஸ்டீரிங்கில் சாய்ந்து குறட்டை விட்டுக் காத்திருந்து கூட்டி வந்தது. முதல் தேர்வில் விழுந்தாள். இரண்டாவதில் தேறினாள். ஒயர்மேன் லைசென்ஸ் வந்தது. பிறகு சோதனை செய்து சான்றிதழில் கையெழுத்துப் போடும் தகுதியும் வந்தது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய வேன் வாங்கிச் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள்.

தொடங்கியபிறகுதான் தெரிந்தது, ஒயர் இழுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது என்று. கடைக்காரர்களும் ஆலைக்காரர்களும் முதலில் கேட்பது இன்ஷூரன்ஸ். அதைக் கேட்டுப் போன இடத்திலெல்லாம் வீட்டுக்காரர் பெயர் என்ன, வேலை செய்யப்போவது அவர்தானே என்றார்கள். அப்படிக் கேட்காத முதல் ஆள் ஃபிரோஸ். பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அவன் சொன்னதை அவள் மறக்கவே இல்லை.

"ஒங்க வேலையால அடுத்தவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கம்பெனி பாத்துக்கும் அக்கா. ஆனா அந்த வேலை சட்டப்படி செஞ்ச வேலையா இருக்கணும். சோதிக்காமக் கையெழுத்துப் போட்டது தெரிஞ்சா, கம்பெனி கைய விரிச்சிரும். அப்புறம் ஒங்க லைசென்ஸும் போயிரும், நீங்களும் கோர்ட்டு வாசல்ல நிப்பீங்க."

அன்றிலிருந்து பிரேமாவின் கையெழுத்து ஊரில் மிகவும் கிராக்கியான பொருள் ஆகிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது போல, வீடே ஜொலித்தாலும் பிரேமா கையெழுத்துப் போடமாட்டாள் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அவள் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலும் அப்படித்தான் கூப்பிட்டது.

தோட்டத்தில் இப்போது பாதி லயம் காலி. ஆனால் திருவிழா என்றால் ஜித்ராவிலிருந்தும் பாலிங்கிலிருந்தும் பினாங்கிலிருந்தும் பழைய குடும்பங்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். சென்ற வருடம் பால்குடக் கூட்டம் கருவறை வாசலில் நெருக்கியடித்ததில் ஓர் அம்மா விழுந்து கை உடைந்துபோனது. அதனால் திருவிழா முடிந்தபின் வாசலுக்கு முன்னால் வரிசை நிற்க எஃகுக் கம்பித் தடுப்பு ஒன்றைப் பளபளவென்று நட்டார்கள். இந்த வருடம் திருவிழாக் கூட்டத்துக்கும் இன்ஷூரன்ஸ் எடுத்துவிடலாம் என்றார் தலைவர் லோகேஸ்வரன். மண் லாரிகள் வைத்து ஓட்டுகிறவர். எதையும் உடனே முடித்துவிட வேண்டும் அவருக்கு. ஃபிரோஸைக் கூப்பிட்டார். கோயில் ஒயரிங்கைச் சோதித்த சான்றிதழ் இல்லாமல் கம்பெனி ஒப்புக்கொள்ளாது என்றான் அவன். சான்றிதழ்தானே, நம் தோட்டத்துப் பிள்ளை இருக்கிறாளே, வடையும் டீயும் வாங்கி வைத்தால் தின்று முடிப்பதற்குள் கையெழுத்து வந்துவிடும் என்று நினைத்தார்கள் கமிட்டிக்காரர்கள். பிரேமாவை அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அவள் போனபோது கருவறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கோயிலைக் கூட்டிப் பெருக்கும் இராசாத்தி மட்டும்தான் இருந்தாள். "வா பிரேமா, பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஒனக்கு ஒன்னு சொல்லணும். இந்தக் கம்பி நட்டதுலேர்ந்து ஆத்தா எறங்கி வந்துட்டா. உள்ள வெளக்கு எரியறப்போ இதத் தொட்டுப் பாரு, ஒடம்பு சிலுசிலுங்கும். என் கைவலிக்கு எந்த மருந்தும் கேக்கல, இதத் தொட்டுத்தான் ஓடிக்கிட்டு இருக்கு. சுங்கைப் பட்டாணியிலேர்ந்துகூட வந்து தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறாங்க."

சொல்லிக்கொண்டே இராசாத்தி கம்பியின் பக்கம் கையை நீட்டினாள். பிரேமா அந்தக் கையைப் பாய்ந்து பிடித்துக்கொண்டாள். மற்றொரு கையால் டெஸ்ட் பேனாவை எடுத்துக் கம்பியில் வைத்தாள். கரண்டு இருக்கிறது என்று பேனாவுக்குள் சின்னதாகச் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. இராசாத்தியைக் கம்பியை விட்டுத் தள்ளி நிறுத்தினாள்.

தொழிலில் பயம் கூடாது என்பார்கள். பயம் இல்லாதவன் இந்தத் தொழிலில் கிழவனாக மாட்டான் என்று நான் சொல்வேன். பிரேமாவுக்கு அன்று நல்ல பயம். பால்குடம் எடுப்பவர்கள் தலையோடு நீராடி, ஈரச்சேலையோடு, வெறுங்காலோடு வருவார்கள். இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வரிசையில் நகர்வார்கள். தரையெல்லாம் பாலும் தண்ணீருமாக இருக்கும். கம்பி நட்டபின் வரும் முதல் திருவிழா இதுதான். காய்ந்த தரையில், காய்ந்த கையில் சிலுசிலுப்பாக இருப்பது அன்றைக்குச் சிலுசிலுப்பாக இருக்காது.

மெயினை அணைத்துவிட்டுக் கருவறைச் சுவரில் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே மூன்று நிறத்தில் ஒயர்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை. கருப்பு இல்லவே இல்லை.

ஒயரிங் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த நாட்டு வீடுகளில் கரண்டு வருவது சிவப்பில், திரும்பிப் போவது கருப்பில். பச்சை ஒயரில் கரண்டே ஓடக்கூடாது. அது இரும்புப் பொருள்களை எல்லாம் தொட்டுக்கொண்டு மண்ணுக்குள் இறங்கி நிற்கும். எங்கேயாவது கரண்டு தவறிவந்தால் மனிதன்மேல் பாயவிடாமல் மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போகும். எர்த்து என்று சொல்வது அதைத்தான். இந்தக் கோயிலிலோ மஞ்சளில் கரண்டு வந்தது, சிவப்பில் திரும்பிப் போனது, சுவிட்சிலிருந்து கருவறை விளக்குக்குப் பச்சையில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பித் தடுப்பை நட்டவர்களோடு வந்த ஒயர்க்காரன் ஒழுங்கானவன். இரும்பை எர்த்தில் சேர்க்காமல் விடக்கூடாது என்று தெரிந்தவன். பெட்டியைத் திறந்தான், பச்சையைப் பார்த்தான், கம்பியை அதில் சேர்த்துவிட்டுப் போய்விட்டான். மாட்டிய ஸ்குரூ துருப்பிடித்துப் போயிருந்ததால் கரண்டு முழுதாக வராமல் கசிந்துகொண்டிருந்தது. அந்தத் துருதான் இத்தனை மாதமாக இராசாத்தியின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

மஞ்சள், குங்குமம், வேப்பிலை. யாருடைய கை என்று பிரேமாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

குழந்தைவேலு தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் மகள் யோகேஸ்வரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது டெங்கிக் காய்ச்சலில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்தால் உன் கருவறைக்கு நானே விளக்குப் போடுகிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தாள். அவர் விரதம் இருந்து, செருப்பில்லாமல், தன் கையாலேயே ஒயர் இழுத்தார். ஆத்தாவுக்கு உகந்தது மஞ்சள், குங்குமம், வேப்பிலை. அதனால் அந்த மூன்று நிறம். கருப்பு கருவறைக்குள் ஆகாது. லைசென்ஸ் கேட்க அப்போது யாரும் இல்லை. விளக்கு எரிந்தது. அதற்குப்பிறகு அந்த ஒயரைக் குறை சொல்வது அவர் மகளின் உயிரைக் குறை சொல்வது மாதிரி ஆகிவிட்டது. அந்த மகள் இப்போது ஜித்ராவில் ஆசிரியை. இந்த வருடம் முதல் பால்குடம் அவளுடையது.

இரண்டு பேர். ஒருவர் பக்தியோடு செய்தார், ஒருவன் முறையோடு செய்தான். இரண்டும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்ததுதான் வினையாகப் போயிற்று.

மாலையில் கமிட்டி கூடியது. கருவறை ஒயரிங்கை முழுவதும் மாற்றாமல் கையெழுத்துப் போட முடியாது என்றாள் பிரேமா.

"இத்தனை வருஷமா ஒன்னும் ஆவலயே அக்கா" என்றார் லோகேஸ்வரன். "திருவிழா வந்துருச்சு. இப்பப் போயி கோயில ஒடச்சா எப்படி? கையெழுத்தப் போட்டுருங்க, திருவிழா ஹாபிஸ் ஆயி எல்லாம் முடிஞ்சதும் பொறுமையா மாத்திக்கலாம்."

"திருவிழாவுக்குத்தானே தலைவரே இன்ஷூரன்ஸ் கேக்குறீங்க. அன்னிக்கு இருக்க வேண்டியது அன்னிக்கு இருக்கணும்."

குழந்தைவேலு மூலையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். "ஏம்மா பிரேமா, அது ஒயரு இல்ல. என் நேர்த்தி. அதுல கைய வச்சா இந்தக் கமிட்டியில நான் இருக்கமாட்டேன்" என்றார். நல்ல மனிதர்தான். பிரேமாவுக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சின்ன வயதில் அவர் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள் அவள்.

வேறு ஒயர்மேன் இல்லாமலா போய்விட்டான், கேட்டால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவனும் இருக்கிறான் என்று லோகேஸ்வரன் முனகினார். ஓரத்தில் நின்ற ஃபிரோஸ்தான் வாயைத் திறந்தான். "கொண்டாங்க அண்ணே, காகிதத்தை நான் அனுப்புறேன். ஆனா யாராச்சும் அடிபட்டா கம்பெனி ஆள் அனுப்பும். அவன் அந்தப் பெட்டியத் தொறந்து பாத்தான்னா தாக் பொலே, முடியாதுன்னுருவான், ஒரு காசு வராது. அப்புறம் போலீஸ் தேடுறது கமிட்டியத்தான்."

பிரேமா ஒரு வழி சொன்னாள். "இப்பைக்கு ஒயரைத் தொடல. மெயின் பக்கத்துல புதுசா ஒரு இ.எல்.சி.பி. மாட்டிட்டுப் போறேன். அதுக்காச்சும் விடுங்க. யாரும் கம்பியத் தொடாதீங்க." கரண்டு எங்கே கசிந்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் துண்டித்துவிடும் சின்னப் பெட்டி அது. சட்டப்படி இருக்க வேண்டியது. கோயிலிலும் ஒரு காலத்தில் இருந்தது. மழை பெய்தால் சுவிட்ச் அடிக்கடி விழுந்து கரண்டு போகிறது, ஒரே சூசா, தொல்லை என்று யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒயரை நேராக மாட்டியிருந்தார். இப்படி நேராக மாட்டுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசலில் குரைக்கிற நாயைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிறவர்கள் அவர்கள்.

புதுப் பெட்டியை மாட்டினாள். வெள்ளிக்கிழமை வந்தது.

கருவறை முன்னால் தரையை நன்றாகக் கழுவிவிட்டிருந்தாள் இராசாத்தி. கூட்டம் தள்ளி நின்றது. பூசாரி தீபாராதனைக்குக் கருவறை விளக்கின் சுவிட்சைப் போட்டார். பட்டென்று கோயில் முழுக்க இருட்டிப்போனது. புதுப் பெட்டியின் சுவிட்சைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டார்கள். மறுபடி விழுந்தது. கழுவின தரை வழியாகக் கம்பியின் கரண்டு மண்ணுக்குக் கசிய ஆரம்பித்திருந்தது. பெட்டி அதைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் பார்த்தவர்களுக்கு அது எங்கே தெரியும்?

"ஆத்தாவுக்கு இந்த வெளக்கு வேணாமாம்" என்றாள் இராசாத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டே. "கோவமா இருக்கா. வேணாங்குறா."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பெண்கள் கைகூப்பினார்கள். குழந்தைவேலுவின் முகம் வெளுத்துப்போனது. லோகேஸ்வரன் பிரேமாவிடம் குனிந்து, "அக்கா, இது போதும். ஆத்தாவே சொல்லிட்டானு சொல்லி ஒயர மாத்திருவோம். பெரியவரும் ஒன்னும் பேசமாட்டாரு" என்றார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அதுதான். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். நின்றிருப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் முன்னால் வந்தாள்.

"ஆத்தா கோவம் இல்ல. இது நான் மாட்டுன பெட்டி. விழ வைக்கிறது நான்தான்" என்றாள். "ஆத்தான்னு விட்டுட்டேன்னு வைங்க, அடுத்த வாட்டி விழுந்தா ஒரு கோழிய அறுத்துட்டு ஒயர நேரா மாட்டிருவீங்க. பேசாம ஒரு நிமிஷம் பாருங்க."

கருவறை சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு மெயினைப் போட்டாள். கோயில் முழுக்க வெளிச்சம் வந்தது. பெட்டி விழாமல் நின்றது. கருவறை சுவிட்சைப் போட்டாள், இருட்டிவிட்டது. மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுச் சுவரில் இருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்து, பச்சை ஒயரைக் கம்பியோடு சேர்த்திருந்த ஸ்குரூவைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மறுபடி எல்லாவற்றையும் போட்டாள். கருவறை விளக்கும் எரிந்தது, கோயிலும் எரிந்தது. அம்மன் முகம் பளிச்சென்று தெரிந்தது.

"ஒரு ஸ்குரூவக் கழட்டுனா அடங்குற கோவமா ஆத்தா கோவம்?" என்றாள்.

லோகேஸ்வரன்தான் முதலில் தேறினார். "அப்ப சரியாப் போச்சே அக்கா. கையெழுத்துப் போட்டுரலாம் லா."

"சரியாப் போவல. பச்சையில இன்னமும் கரண்டு ஓடுது. கம்பிக்கு எர்த்து இல்ல. நாளைக்கு வேற ஒருத்தன் வருவான், பச்சையப் பாப்பான், எர்த்துன்னு நெனச்சு மறுபடியும் மாட்டுவான். அவன் மேல தப்புச் சொல்ல முடியாது தலைவரே, புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. முழுசா மாத்துனாத்தான் என் பேரு அதுல வரும்."

குழந்தைவேலு மெல்ல அவள் பக்கத்தில் வந்தார். "அப்ப இத்தனை மாசமா எல்லாரும் தொட்டுக் கும்பிட்டது..."

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. "ஒங்க ஒயருதான் மாமா" என்றாள்.

அவர் கம்பியைப் பார்த்தார். வாசற்படியைப் பார்த்தார். முதல் பால்குடம் எங்கே நிற்கும் என்று பார்த்திருப்பார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பிரேமா வேனில் ஏறினாள். "போவாத லா, பெரியவரு மூஞ்சில அடிச்சமாதிரி ஆயிருச்சு, கொஞ்சம் ஆறட்டும்" என்றார் மணியம். அவள் பின்னால் வைத்திருந்த ஒரு சுருள் ஒயரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். திருவிழா நெருங்கிவிட்டது, ஆறுவதற்கெல்லாம் நேரம் இல்லை.

லயத்து வீட்டில் யோகேஸ்வரி ஜித்ராவிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். அப்பா ராத்திரி சாப்பிடவே இல்லை என்றாள். குழந்தைவேலு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என் புள்ளையக் காப்பாத்துன ஆத்தாவுக்கு, என் புள்ளையவே கொல்ற மாதிரி செஞ்சு வச்சிருக்கேன்" என்றார், திரும்பாமலே.

"அப்படி இல்ல மாமா."

"அப்ப எப்படி?"

பிரேமாவுக்கு ஆறுதல் சொல்ல வராது. அவளுக்குத் தெரிந்தது ஒயர். கொண்டுவந்த சுருளை அவர் கையில் கொடுத்தாள். "இத வெளிச்சத்துல பாருங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒயரைத் திருப்பிப் பார்த்தார். பச்சை ஒயர். அதில் நீளவாக்கில் மஞ்சள் கோடு ஓடியது.

"என்னம்மா இது?"

"எர்த்து ஒயரு. இப்ப வர்றது இப்படித்தான். பச்சையும் மஞ்சளும் ஒன்னாச் சேந்தது. வேற எந்த ஒயருக்கும் இந்த நெறம் கொடுக்கக் கூடாதுன்னு சட்டம். மத்த ஒயரெல்லாம் வேலை செய்யுது. இது ஒரு வேலையும் செய்யாது. காவலுக்கு நிக்கும். வேற எங்கயாச்சும் தப்பா கரண்டு வந்துச்சுன்னா, இதுதான் எல்லாத்தையும் தான் வாங்கிக்கிட்டு மண்ணுக்குள்ள எறங்கும். நம்ம மேல வர விடாது."

அவர் அந்த மஞ்சள் கோட்டைக் கட்டைவிரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"வேப்பிலையும் மஞ்சளும்" என்றார்.

"ஆமா மாமா. நீங்க போட்டது எடம் மாறிப்போச்சு. அவ்வளவுதான். அந்தக் கோயில்ல எர்த்தே இல்ல. இதப் போடாம ஒங்க நேர்த்தி பாதியிலதான் நிக்குது. வந்து முடிச்சுக் கொடுங்க."

பின்னால் நின்ற யோகேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தைவேலு சுருளைக் கையிலிருந்து விடாமலே, "அந்தக் கருப்பு ஒயரு கட்டாயம் போடணுமா?" என்று கேட்டார். மனிதர் இறங்கிவிட்டார் என்று பிரேமாவுக்குத் தெரிந்துவிட்டது. கட்டாயம் போட வேண்டும் என்றாள். அதில் அவள் ஒரு இம்மிகூட இறங்கவில்லை.

கருப்பின் பஞ்சாயத்தைத் தீர்த்தது இராசாத்தி. வேலை ஆரம்பித்த அன்று, கருப்பு ஒயரைக் கருவறைக்குள் கொண்டுபோகப் பூசாரி தயங்கினார். இராசாத்தி விளக்குமாற்றும் கையுமாக நின்று, "ஆத்தாவே கருங்கல்லுல உக்காந்திருக்கா, கண்ணுக்கு மை வேற போட்டிருக்கா. ஒங்க ஒயருதான் அவளுக்கு ஆவாதாக்கும்" என்றாள். பூசாரி வழிவிட்டார்.

பழைய ஒயர்களைக் குழந்தைவேலுவே கழற்றினார். பிரேமா மெயினைப் பூட்டிச் சாவியை அவர் சட்டைப்பையில் போட்டாள். தன் கையால் இழுத்ததைத் தன் கையாலேயே உருவி எடுத்து, ஒரு வாழையிலையில் சுருட்டி வைத்தார். சிவப்பையும் கருப்பையும் பிரேமா இழுத்தாள். பச்சை மஞ்சளை அவள் பக்கத்தில் நின்று காட்டக் காட்ட அவர்தான் இழுத்தார், அன்றைக்கும் செருப்பில்லாமல், அன்றைக்கும் விரதத்தோடு. கருவறைக்குப் பின்னால், சுவர் ஓரத்தில், ஈர மண்ணாகப் பார்த்து, பச்சை மஞ்சள் வந்து முடியும் எர்த்துச் செம்புக் கம்பியை அடித்து இறக்கினார்கள். கடைசி அடியை அவர் அடித்தார். ஒவ்வொரு ஸ்குரூவையும் பிரேமா மறுபடி முடுக்கிப் பார்த்தாள். ஒவ்வோர் இணைப்பையும் அளந்தாள். ஓரிடத்தில் அளவு அவளுக்குப் பிடிக்கவில்லை. இழுத்ததைப் பிரித்து மறுபடி இழுக்க வைத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாம் சரி என்று ஆனபின் கையெழுத்துப் போட்டு ஃபிரோஸிடம் கொடுத்தாள்.

"இப்பக் கேக்குறேன் அக்கா, நிம்மதியாத் தூங்குவீங்களா?" என்று கேட்டான் அவன்.

"பால்குடம் முடியட்டும்" என்றாள்.

திருவிழா அன்று ஜெராய் மலைப்பக்கம் மேகம் கூடி, பால்குடம் கிளம்பும்போது சரியான மழை பிடித்துக்கொண்டது. ஈரச்சேலை இன்னும் ஈரமானது. தரையெல்லாம் பாலும் மழைத்தண்ணீரும் மஞ்சளும் கலந்து ஓடியது. பிரேமா மெயின் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். சோதித்தது அவள்தான், கையெழுத்துப் போட்டது அவள்தான், எல்லாம் சரி என்று தெரிந்தவளும் அவள்தான். ஆனாலும் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முதல் குடம் வந்தது. யோகேஸ்வரி தலையில் குடத்தோடு, கண்ணில் மழைநீர் வழிய, தட்டுத்தடுமாறி வந்து கருவறை முன்னால் ஈரக்கையால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். குழந்தைவேலு மட்டும் மகளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கம்பியைப் பிடித்தபடியே நகர்ந்து, குடத்தை இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அவர் அப்போதுதான் மூச்சு விட்டார். அழுதுவிட்டார் என்றும் சொல்லலாம். மழையில் அது தெரியவில்லை.

வரிசையின் நடுவில் வந்த இராசாத்தி கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். மனம் விட்டுப்போய்விட்டது அவளுக்கு. "ஒன்னுமே தெரியலயே பிரேமா" என்றாள். "ஆத்தா போயிட்டாளா?"

பிரேமா பதில் சொல்வதற்குள் குழந்தைவேலு சொன்னார். "தெரியக் கூடாது ராசாத்தி. இருக்கா. பின்னால போயிப் பாரு."

எதைச் சொல்கிறார் என்று புரியாமல் பிரேமாவும் போய்ப் பார்த்தாள். கருவறைக்குப் பின்னால், எர்த்துக்கம்பி இறக்கிய இடத்தில், யாரோ மண்ணைச் சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். கம்பிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, ஒரு கொத்து வேப்பிலையும் செருகியிருந்தது. பால்குடத்தை இறக்கிவிட்டு வந்த பெண்கள் நான்கைந்து பேர் அங்கே வரிசையாக நின்று, செம்பில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரேமாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. கோயிலில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்றைச் சாமியாக்கிவிடுகிறார்களே என்று கையை ஓங்கிக்கொண்டுதான் போனாள். போனவள் பாதியில் நின்றுவிட்டாள். எர்த்துக் கம்பியைச் சுற்றி மண் காயக்கூடாது. காய்ந்தால் கரண்டை இழுக்காது. வெயில் காலத்தில் அங்கே தண்ணீர் ஊற்றச் சொல்லி எத்தனை வீடுகளில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். ஒரு வீட்டிலாவது ஊற்றியிருக்கிறார்களா?

"வெள்ளிக்கெழமை தவறாம ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு, அவளும் ஒரு செம்பு வாங்கி ஊற்றினாள்.